மனுவும் மறுமொழியும்

திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழர் இந்நகரில் இலர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திவான் இராஜா கேசவதாசர் வகுத்த அங்காடி அது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் பலர் முதன்முதலில் காலூன்றியது அத்தெருவிலேதான். அங்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. வாங்குகிறவராயினும் வாங்காமற் போகிறவராயினும், விலை கேட்டவருக்குக் கடைக்காரர் விடை சொல்லியாக வேண்டும். கேட்டதற்கு வாய் திறவாதவர் அங்கே கடை நடத்த இயலாது.

அக்கடைகளில் விற்கும் பொருள்களின் விலையை இன்று முடிவு செய்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. பருப்பிலும் ஒரு பகுதி கடல் கடந்தே வருகிறது. 1995-இல் தோன்றிய உலக வணிக அமைப்பின் விதிகள் இறக்குமதி வரிக்கு உச்சவரம்பு வகுக்கின்றன. 1990-இல் குவைத்தில் போர் மூண்டபோது வேலை இழந்து வெறுங்கையுடன் திரும்பியவர்கள் கேரளத்து ஊர்தோறும் இருந்தனர். நம் அடுக்களையைத் தொடும் முடிவுகள் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் எடுக்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிச் சாதாரணக் குடிமகன் ஒருவன் கேள்வி எழுப்பினால், அவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் எவர்? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பங்குண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுவதால், மனுக்களின் வாழ்வையும் சாவையும் நாள்தோறும் காண்பவன் நான். 'பெறப்பட்டது' என்னும் முத்திரை எல்லா மனுக்களின் மீதும் ஒன்றுபோலவே விழும். அதன் பின்னர்தான் அவற்றின் தலையெழுத்து வேறுபடும். இத்தனை நாளுக்குள் விடை தர வேண்டும் என்று சட்டம் வரையறுத்த மனு, மேசை மேசையாக நகரும். அத்தகைய கட்டாயம் இல்லாத மனு, 'கோப்பில் வைக்க' என்ற குறிப்புடன் உறங்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முப்பது நாள் என்று கெடு வைத்த பிறகு, அவ்வகை மனுக்களுக்கு அலுவலகத்தில் தனி மரியாதை ஏற்பட்டதை நேரில் கண்டிருக்கிறேன். மனு எழுதியவர் மாறவில்லை. மனுவின் மொழி மாறவில்லை. விடை கூறும் கடமை மட்டுமே புதிதாக வந்தது. உலக வரலாற்றையும் இவ்வளவுகோலால் அளக்கலாம்.

சிலப்பதிகாரக் கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்தவள். அந்நகரில் அவளுக்கு உற்றார் உறவினர் இல்லை. ஆயினும் வாயிற்காவலன் அவள் வருகையை அரசனிடம் அறிவித்தான். அரசன் அவளை அழைத்து வழக்கைக் கேட்டான். தவறு தன்னுடையதே எனத் தெளிந்தபோது தன் உயிரையே மறுமொழியாக ஈந்தான். அயலூரிலிருந்து வந்தவளின் கேள்விக்கும் விடை கூறுவது ஆட்சியின் கடன் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. அந்த அரண்மனை வாயில் இப்போது கடல்களுக்கு அப்பால் சென்றுவிட்டது என்பதே புதியது.

மகாராஜாவுக்கு எழுதிய மனு

முதலில் நாம் வாழும் இம்மண்ணின் கதையைக் காண்போம். 1891-ஆம் ஆண்டு ஜனவரியில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்று திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பெற்றது. 'மலையாளி மெமோரியல்' என்று வரலாற்றில் பெயர் பெற்ற மனு அது. அரசுப் பணிகளில் வெளியூராரே நிறைந்திருப்பதாகவும், மண்ணின் மக்களுக்கு இடம் வேண்டும் என்றும் அது கேட்டது. வெளியூரார் எனச் சுட்டப்பட்டவருள் தமிழ்நாட்டிலிருந்து வந்து உயர்பதவிகளில் அமர்ந்திருந்த பிராமண அலுவலரும் அடங்குவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குடியேறியவர் என்ற நிலையில் நாம் அவ்வரலாற்றின் இரு பக்கத்தையும் அறிந்திருத்தல் நன்று.

அம்மனுவில் கையொப்பமிட்ட முன்னணியினருள் ஒருவர் டாக்டர் பல்பு. ஈழவர் குலத்தில் பிறந்த காரணத்தால் சொந்த நாட்டில் மருத்துவப் படிப்புக்கும் பணிக்கும் வழியில்லாமற்போகவே, சென்னையில் மருத்துவம் பயின்று மைசூர் அரசில் பணி ஏற்றவர் அவர். முதல் மனுவால் தம் மக்களுக்குப் பயன் விளையாமை கண்டு, 1896-இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பத்துடன் 'ஈழவ மெமோரியலை' அளிப்பதில் முன்னின்றார். அதற்கும் வேண்டிய பலன் கிட்டவில்லை. மன்னர் மனுவைப் பெறலாம், படிக்கலாம், படியாமலும் இருக்கலாம். அவரைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை.

1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. ஆண்டுதோறும் கூடும் அச்சபைக்குத் திவானே தலைவர். உறுப்பினருள் நிலவுடைமையாளரும் வணிகரும் மிகுதி. குறைகளை எடுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சட்டம் இயற்றும் உரிமை இல்லை. எனினும் ஒன்றை நோக்க வேண்டும். அதுவரை அஞ்சலில் சென்று கோப்பில் உறங்கிய குறைகள், இப்போது திவானின் முகத்துக்கு நேரே, பலர் கேட்கப் பேசப்பட்டன. 1911-இல் அய்யன்காளி அச்சபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுச்சாலையில் நடக்கவும் மறுக்கப்பட்ட புலையர் குலத்தவர் அவர். மறு ஆண்டு அச்சபையில் எழுந்து, தம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று கேட்டார். பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்றே வழங்குகிறது.

பேசும் உரிமை வாக்குரிமையாகக் கனிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1948-இல்தான் திருவிதாங்கூரில் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடைபெற்றது. பிரஜா சபை தோன்றி அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. மனு, பேச்சு, வாக்கு என்னும் மூன்று படிகளை இச்சிறு நாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. உலக அவைகளில் குடிமக்கள் எந்தப் படியில் நிற்கின்றனர் என்பதை இனிப் பார்ப்போம்.

பெரம்பூரிலிருந்து வாஷிங்டனுக்கு

சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. அங்குத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி உழைத்தனர். நண்பகலில் அரைவயிற்றுக் கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். ஆலைக்கு அருகே வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இத்துயரை நாள்தோறும் கண்டனர். அவர்கள் முயற்சியால் பி. பி. வாடியாவைத் தலைவராகவும் திரு. வி. க.வைத் துணைத்தலைவருள் ஒருவராகவும் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது அதுவே. அதன் பிறப்புக்குக் காரணமானவர் இருவரும் கடைத்தெரு மாந்தர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மறு ஆண்டே உலகப்போர் முடிந்து, வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் வழியே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உருவாயிற்று. அதன் அமைப்பு விதி அதுவரை உலகம் காணாதது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நால்வர் வருவர்: அரசின் சார்பில் இருவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர். நால்வருக்கும் தனித்தனி வாக்கு உண்டு. தொழிலாளரின் பேராளர் தம் நாட்டு அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். 1919 அக்டோபர் 29-இல் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் சார்பில் என். எம். ஜோஷி கலந்துகொண்டார். அவருக்கு ஆலோசகராகச் சென்றவர் பெரம்பூர்ச் சங்கத்தின் தலைவர் வாடியா. சங்கம் தொடங்கிப் பதினெட்டு மாதங்களே ஆகியிருந்தன.

அம்மாநாடு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று உலகத் தொழிலாளருக்கு வேலை நேரம் வகுத்தது. இந்தியாவுக்கு வாரத்துக்கு அறுபது மணி நேரம் என்று விதிவிலக்கு அளித்தது. நம்மவர் உடல் இரும்பாலானது என்று எண்ணினர் போலும்! ஆயினும் அந்த அறுபதும் அக்காலத்தில் ஒரு முன்னேற்றமே. 1921-இல் இந்தியா அந்த உடன்பாட்டை ஏற்றது. 1922-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் அறுபது மணி நேர வாரத்தை நாட்டின் சட்டமாக்கியது.

இவ்வளவு விரைவாக இது நடந்தமைக்குக் காரணம் என்ன? அவ்வமைப்பின் விதிகளில் ஒன்று கூறுவது இது: மாநாடு ஏற்ற உடன்பாட்டை ஒவ்வொரு நாட்டு அரசும் ஓராண்டுக்குள், தவிர்க்க இயலாத சூழலில் பதினெட்டு மாதத்துக்குள், தன் நாட்டில் சட்டமியற்றும் அதிகாரம் உடையோர் முன் வைத்தாக வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கோப்பில் வைத்து உறங்கவிடுதல் ஆகாது. விடை கூறும் கடமை உலக அளவில் எழுத்தில் ஏறிய முதல் இடங்களுள் இது ஒன்று.

குறைகளும் இருந்தன. 1919-இல் தொழிலாளர் பேராளரை இந்திய அரசே தேர்ந்தெடுத்தது, தொழிலாளரைக் கேட்கவில்லை. தம் பேராளரைத் தாமே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் 1920-இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. உலக அவையில் ஒரு நாற்காலி கிடைத்ததும், அதில் யார் அமர்வது என்ற கேள்வி உள்நாட்டில் ஓர் இயக்கத்தையே உண்டாக்கியது.

ஒரு சொல்லின் எடை

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945 ஏப்ரல் 25 முதல் ஜூன் 26 வரை சான் பிரான்சிஸ்கோவில் ஐம்பது நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை வகுத்தன. இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. ஆங்கில அரசு நியமித்த இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைவர் ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' இதழை நடத்தியவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் இரட்டைப் பிறப்புச் சகோதரர். மாநாட்டில் பொருளாதார, சமூக ஒத்துழைப்புப் பற்றிய விதிகளை வகுத்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

அதே நகரில், மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே மற்றோர் இந்தியக் குரலும் ஒலித்தது. விஜயலட்சுமி பண்டிட் பத்திரிகையாளரைக் கூட்டி, உள்ளே அமர்ந்திருப்போர் இந்திய மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர் என்று எடுத்துரைத்தார். அடிமை நாடுகளின் விடுதலையைக் கோரி மாநாட்டுக்கு ஒரு குறிப்பும் அளித்தார். உள்ளே நாற்காலி பெற்றவருக்கு மக்களின் ஆணை இல்லை. மக்களின் எண்ணத்தை உரைத்தவருக்கு நாற்காலி இல்லை. சாசனம் 'ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. அதில் கையொப்பமிட்டவையோ அரசுகள். இம்முரண் சாசனத்துடனேயே பிறந்தது எனலாம்.

அமெரிக்க அரசு தன் நாட்டுத் தொழிற்சங்கங்கள், சமயச் சபைகள், மாதர் அமைப்புகள் முதலிய நாற்பத்திரண்டு அமைப்புகளின் சார்பாளரை மாநாட்டுக்கு ஆலோசகராக அழைத்திருந்தது. உலகத் தொழிற்சங்கங்களும் தமக்கு இடம் வேண்டும் என வற்புறுத்தின. இவற்றின் விளைவாக இராமசாமி முதலியார் தலைமை தாங்கிய குழுவில் உருப்பெற்றதே சாசனத்தின் 71-ஆம் விதி. அரசு சாரா அமைப்புகளுடன் கலந்தாலோசிக்கப் பொருளாதார சமூக மன்றம் தக்க ஏற்பாடுகளைச் செய்யலாம் என்பது அதன் சாரம்.

'செய்யலாம்' என்ற சொல்லை நோக்குக. 'செய்ய வேண்டும்' என்று அதில் இல்லை. கோப்புகளிடையே காலம் கழிப்பவர் இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை நன்கு அறிவர். இதற்கு முந்தைய 70-ஆம் விதி, உலக அளவிலான சிறப்பு நிறுவனங்கள் வாக்கில்லாமல் கலந்துகொள்ள இடம் தருகிறது. 71-ஆம் விதியில் கலந்துகொள்ளுதலும் இல்லை, கலந்தாலோசித்தல் மட்டுமே. ஒரு நாட்டுக்குள் மட்டும் இயங்கும் அமைப்பாயின், அந்நாட்டு அரசைக் கேட்டுக்கொண்ட பின்னரே அதனுடன் ஆலோசிக்கலாம் என்ற தளையும் உண்டு.

ஆயினும் இது சிறு சாதனை அன்று. அரசுகள் மட்டுமே பேசிய பழைய நாடுகளின் சங்கத்தின் உடன்படிக்கையில் இத்தகைய விதி இருந்ததில்லை. 1946 ஜனவரியில் இலண்டனில் பொருளாதார சமூக மன்றம் முதன்முறை கூடியபோது, இராமசாமி முதலியாரே அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்க ஆண்டுகளில் நாற்பது அளவில் இருந்த ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்புகள் இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. நம் பிரஜா சபையோடு ஒப்பிட்டால், உலகக் குடிமக்கள் 1904-இன் படியை எட்டினர் என்று சொல்லலாம். எழுந்து பேசலாம், வாக்கு இல்லை.

பெறப்பட்ட மனுக்கள்

அமைப்புகளின் நிலை அதுவாயின், தனிமனிதரின் நிலை என்ன? ஐக்கிய நாடுகள் சபை தோன்றியதும் உலகெங்கிலுமிருந்து முறையீடுகள் அங்குக் குவியத் தொடங்கின. சிறைப்பட்டவர், நிலம் இழந்தவர், நிறத்தால் ஒடுக்கப்பட்டவர் எனப் பலரும் எழுதினர். மனித உரிமை ஆணையம் 1947-இல் தன் முதற்கூட்டத்தில் இவற்றைப் பற்றி ஒரு முடிவு எடுத்தது. மனித உரிமை பற்றிய முறையீடுகள் எதன்மீதும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்பதே அம்முடிவு. வந்த மனுக்களின் பட்டியல் ஒன்று இரகசியமாகத் தயாரிக்கப்படும், அவ்வளவே. உலகின் மிகப்பெரிய 'கோப்பில் வைக்க' அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாடு தன் குரலைக் கடன் தந்தால் மட்டும் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்மீது இழைக்கப்பட்ட கொடுமையை 1946-இல் இந்தியா ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் எழுப்பியது. அந்த இந்தியருள் தமிழர் பெருந்தொகையினர். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று 1914-இல் இளவயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் மக்கள் அவர்கள். விஜயலட்சுமி பண்டிட்டின் வாதத்துக்குப் பின், அவ்வாண்டு டிசம்பர் 8-இல் 32 வாக்குகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் அளிக்கப்பெற்றுத் தீர்மானம் நிறைவேறியது. அடக்குமுறைக்கு ஆளானவர்கள் தாமே சென்று முறையிட அங்கு வாயில் இல்லை. அவர்களுக்காக ஒரு நாடு முறையிட்டதால் அவ்வாயில் திறந்தது. முறையிட நாடு இல்லாதவர் என் செய்வர்?

விந்தையாக, காவற்பொறுப்பு நாடுகளின் மக்களுக்கு மட்டும் சாசனமே மனு உரிமை தந்திருந்தது. அவர்களுடைய மனுக்களை ஏற்று ஆராய 87-ஆம் விதி வழி வகுத்தது. அவ்வழியே 1955-இல் தாங்கனீக்காவின் ஜூலியஸ் நைரேரே நியூயார்க் சென்று தம் மக்களின் வழக்கை உரைத்தார். ஆறே ஆண்டுகளில் அவர் நாடு விடுதலை பெற்றது. மனுவைக் கேட்டாக வேண்டும் என்னும் விதி இருந்தால் ஒரு நாட்டின் விடுதலைக்கும் அது துணை நிற்கும் என்பதற்கு இது சான்று.

தந்தையின் வழியில் மகன்

வாயில்கள் அடைபட்டிருந்த அந்நாளில் சிலர் வேறொரு வழியை எண்ணினர். 1948 நவம்பரில் பாரிசு நகரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை கூடியிருந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து ஓர் இளைஞர் எழுந்து உலக அரசு வேண்டும் என்று முழங்கினார். அவர் காரி டேவிஸ். உலகப்போரில் குண்டுவீச்சு விமானியாக இருந்து மனம் நொந்தவர்; அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, தம்மை உலகக் குடிமகன் என அறிவித்துக்கொண்டவர். எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யு உள்ளிட்டோர் அவருக்குத் துணை நின்றனர். உலகக் குடிமக்களாகத் தம்மைப் பதிந்துகொள்ளப் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் முன்வந்தனர்.

இந்தக் காரி டேவிசுக்கு ஆசானாக அமைந்தவர் நடராஜ குரு. அவர் யார் எனில், 1896-இன் மனுவில் முன்னின்ற டாக்டர் பல்புவின் மைந்தர். ஸ்ரீ நாராயண குருவின் சீடர். 1923-இல் உதகை அருகே நாராயண குருகுலத்தை நிறுவியவர். பாரிசில் முனைவர் பட்டம் பெற்றவர். 1950-களில் உலக அரசு பற்றி விரிவான குறிப்பொன்றை அவர் எழுதினார். தந்தை தம் மக்களுக்காகத் திருவனந்தபுரத்து மன்னருக்கு மனு எழுதினார். மகன் மனித குலம் முழுமைக்குமாக உலகுக்கு எழுதினார். டேவிஸ் வழங்கிய உலகக் கடவுச்சீட்டைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. எனினும் ஊரும் நாடும் விட்டு வந்தவருக்கு அந்தக் கனவின் பொருள் எளிதில் விளங்கும்.

ஒரு கைநாட்டு

1976-இல் ஒரு மாறுதல் வந்தது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்ற நாட்டின் குடிமகன், உள்நாட்டு நீதிமன்றங்களில் நீதி கிட்டாதபோது, தானே மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம். குழு அரசிடம் விளக்கம் கேட்கும். தன் கருத்தை வெளியிடும். இந்தியா 1979-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது, நெறிமுறையில் சேரவில்லை. இலங்கை 1997-இல் நெறிமுறையையும் ஏற்றது.

இலங்கையில் 1993-இல் கைது செய்யப்பட்ட தமிழ் உழைப்பாளி ஒருவர், சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார். சிங்களம் அறியாதவர் அவர். வதைக்கப்பட்டே அதில் கைநாட்டு வைத்ததாக அவர் முறையிட்டார். அவ்வாக்குமூலத்தைக் கொண்டே 1995-இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேன்முறையீட்டில் முப்பத்தைந்து ஆண்டாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டில் வழி அடைந்தபின் அவர் வழக்கு மனித உரிமைக் குழுவுக்குச் சென்றது. 2004-இல் குழு விடை கூறியது: நேர்மையான விசாரணைக்கு அவருக்குள்ள உரிமை மீறப்பட்டது, விடுதலையோ மறுவிசாரணையோ அளித்தல் வேண்டும்.

தான் படிக்க இயலாத தாளில் பதிந்த பெருவிரல் ரேகைக்கு, உலக அவை ஒன்று எழுத்தில் மறுமொழி தந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எண்ணியும் பார்த்திருக்க இயலாத செயல் அது. ஆனால் கதை அங்கு முடியவில்லை. அந்த விடையைக் கையில் ஏந்தி அவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, 2006-இல் அந்நீதிமன்றம், நெறிமுறையில் சேர்ந்ததே நாட்டின் அரசமைப்புக்கு ஒவ்வாதது எனக் கூறி மனுவைத் தள்ளியது. உலகில் கிடைத்த விடை வீட்டு வாசலில் நின்றுவிட்டது. 1919-இன் தொழிலாளர் உடன்பாடு உள்நாட்டுச் சட்டமாயிற்று; இவ்விடை ஆகவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உலக அவையின் விடை உள்நாட்டில் நுழைவதற்கும் ஒரு கதவு வேண்டும் என்பது புலனாகும்.

இன்று எழும் கோரிக்கை

இப்போது உலகெங்கும் குடிமக்கள் இயக்கங்கள் இரு கோரிக்கைகளை முன்வைக்கின்றன. ஒன்று, ஐக்கிய நாடுகளில் அரசுகளோடு மக்களின் பேராளரும் அமரும் ஒரு மன்றம். 2007 முதல் இதற்கென இயக்கம் நடைபெறுகிறது. மற்றொன்று, பல நாட்டுக் குடிமக்கள் குறித்த தொகையில் கையொப்பமிட்டால், அவர்கள் எழுப்பும் பொருளை ஐக்கிய நாடுகள் விவாதித்தே ஆக வேண்டும் என்னும் ஏற்பாடு. 2019-இல் இக்கோரிக்கை முறையாக எழுந்தது.

இரண்டாவதற்கு முன்மாதிரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து இலட்சம் பேர் கையொப்பமிட்டால், ஒன்றியத்தின் ஆட்சிக்குழு குறித்த காலத்துக்குள் விடை தர வேண்டும். குடிநீர் ஒவ்வொருவரின் உரிமை என்று கோரிய மனுவே முதலில் இந்த எண்ணிக்கையைத் தாண்டியது. 2014-இல் அதற்கு விடை வந்தது; 2020-இல் குடிநீர் பற்றிய ஒன்றியச் சட்டமும் திருத்தப்பட்டது. கேட்ட அனைத்தும் கிடைக்கவில்லை. ஆயினும் மனு உறங்கவில்லை.

உலக அளவில் இவ்விரண்டும் இன்னும் கைகூடவில்லை. 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் ஏற்ற எதிர்காலத்துக்கான உடன்பாட்டில் இவை இடம்பெறவில்லை. எண்ணூறு கோடி மக்களின் குரலுக்கு இடம் அளிப்பது எளிதன்று என்பதும், கையொப்பம் திரட்டும் வலிமை உடையவர் குரலே அதில் மேலோங்கக்கூடும் என்பதும் சிந்தனைக்குரிய தடைகளே. ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்புகளிலும் செல்வ நாடுகளைச் சேர்ந்தவற்றின் குரல் ஓங்கி ஒலிப்பதாக நெடுங்காலமாகக் குறை உண்டு. இத்தடைகளுக்கு அஞ்சி மனுவை நிறுத்துவதினும், வலிமையற்றவர் மனுவும் நகரும்படி விதிகளைத் திருத்துவதே அறிவுடைமை. 1891-இல் கையொப்பமிட்டவருள் பலர் 1948-இன் வாக்குச்சாவடியைக் காண இருந்திருக்கமாட்டார். எனினும் அந்த வாக்குச்சாவடிக்குப் பாதை இட்டவருள் அவர்களும் அடங்குவர்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊர் விட்டு வந்தவை. நம் பிள்ளைகள் இன்னும் தொலைவு சென்றுவிட்டனர். சிங்கப்பூரிலும் துபாயிலும் டொராண்டோவிலும் வாழ்கின்றனர். வாழும் ஊரில் வாக்கு இல்லாமலும், வாக்குள்ள ஊரில் வாழாமலும் இருப்போர் அவர்களுள் பலர். அவர்களுக்கு நாம் தரத்தக்கது ஒன்று உண்டு. தமக்காகவும், தம் அருகே எழுதப் படிக்க அறியாமல் கைநாட்டு வைப்பவர்க்காகவும் தெளிவாக ஒரு மனு எழுதப் பழகட்டும். எழுதியபின், விடை எந்த நாளுக்குள் வரும் என்று கேட்கவும் கற்கட்டும். சாலைத் தெருவில் விலை கேட்டு நிற்கும் எளியவருக்குக் கிடைக்கும் அந்தச் சிறு மரியாதையையே உலக அவைகளிடமும் நாம் கேட்கிறோம்.